பழைய அமெரிக்க வெள்ளி நாணயங்கள்: எது அரிது, எது விலை போகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் எஸ்டேட் சேலிலோ பழைய சாமான் சந்தையிலோ ஒரு பெரிய வெள்ளி டாலரைப் பார்த்துவிட்டால், உடனே படம் எடுத்து அனுப்பி "இது எவ்வளவு போகும்?" என்று கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகின்றன. இந்த நாணயங்கள் மேல் எனக்குத் தீராத ஆசை உண்டு, அதனால் பதில்களையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பழைய நாணயம் என்றாலே விலை அதிகம்தானே?

இல்லை. இந்த எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு முந்தைய ரோமானிய வெள்ளி தெனாரியஸ் ஒன்றை நூறு, நூற்றைம்பது டாலருக்கு இன்றைக்கும் வாங்கலாம். 1893-இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த மார்கன் டாலர் என்ற பெரிய வெள்ளி டாலரோ முகமெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தால்கூட ஆயிரக்கணக்கில் போகும். அதே மார்கன் டாலர் 1921-இல் பிலடெல்பியாவில் அடித்ததாக இருந்தால் உள்ளே இருக்கும் வெள்ளியின் விலையோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அந்த வருடம் அங்கே மட்டும் 4 கோடியே 46 லட்சத்துக்கு மேல் அடித்துத் தள்ளினார்கள்.

இன்றைக்கு எத்தனை மிச்சம் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் அதைத் தேடி அலைகிறார்கள், விலை இந்த மூன்றில் நிற்கிறது. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மார்கன் டாலரைச் சேர்ப்பவர்கள் ஏராளம், அதனால் ஓரளவு அரிதான ஆண்டுக்கே பெரிய போட்டி இருக்கும். அதைவிட அரிதான பழைய அரை டாலர் ஒன்று, தேடுவார் இல்லாததால் சாதாரண விலைக்குக் கிடைக்கும்.

எந்த ஆண்டு வரைக்கும் வெள்ளி? என் கையில் இருப்பது வெள்ளிதானா?

டைம் என்கிற 10 சென்ட், குவார்ட்டர் என்கிற 25 சென்ட், அரை டாலர் மூன்றும் 1964 வரை 90 சதவீத வெள்ளி. 1965-இல் வந்த சட்டம் டைமிலும் குவார்ட்டரிலும் வெள்ளியை எடுத்துவிட்டது. அரை டாலரில் மட்டும் 40 சதவீதம் 1970 வரை இருந்தது. ஆண்டு தேய்ந்து தெரியவில்லை என்றால் நாணயத்தைச் செங்குத்தாகப் பிடித்து விளிம்பைப் பாருங்கள். செம்புக் கோடு பளிச்சென்று தெரிந்தால் அது வெள்ளி இல்லை, சுற்றிலும் ஒரே வெள்ளை நிறமாக இருந்தால் வெள்ளி.

எடைக் கணக்கு எளிது. டைம் 2.5 கிராம், குவார்ட்டர் 6.25, அரை டாலர் 12.5. இவற்றில் எதை எடுத்தாலும் ஒரு டாலர் மதிப்புக்குச் சேர்த்தால் 25 கிராம் எடை, அதில் 22.5 கிராம் சுத்த வெள்ளி. மார்கன் டாலரும் பின்னால் வந்த பீஸ் டாலரும் 26.73 கிராம், அதில் 24 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக வெள்ளி. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அடிமட்ட விலை வந்துவிடும், அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். 1837-க்கு முந்தைய நாணயங்களில் மாற்று கொஞ்சம் குறைவு, 89.24 சதவீதம். ஆனால் அவற்றை வெள்ளி எடைக்குக் கணக்குப் போடும் நிலையே வராது.

5 சென்ட் நிக்கலை யாரும் கவனிப்பதில்லை. உலகப் போருக்கு நிக்கல் தேவைப்பட்டதால் 1942-இன் பிற்பகுதியிலிருந்து 1945 வரை அதில் 35 சதவீத வெள்ளி சேர்த்தார்கள். பின்பக்கத்து மாளிகையின் குவிமாடத்துக்கு மேலே பெரிய எழுத்து ஒன்று இருக்கும், அதுதான் அடையாளம்.

அச்சடித்த எண்ணிக்கை குறைவாக இருந்தால் அரிதுதானே?

இதுவும் பாதி உண்மைதான். 1885-இல் நெவாடாவின் கார்சன் சிட்டியில் அடித்தது வெறும் 2,28,000 மார்கன் டாலர். 1884-இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது 32 லட்சம். எண்ணிக்கையைப் பார்த்தால் முதலாவதுதான் கிடைக்காமல் இருக்க வேண்டும். ஆனால் புத்தம் புதிதாகப் பளபளக்கும் நிலையில் தேடிப் பாருங்கள், 1885 கார்சன் சிட்டி பணம் இருந்தால் எப்போதும் வாங்கலாம், 1884 சான் பிரான்சிஸ்கோதான் அகப்படாது. முதலாவதில் 1,48,000-க்கும் மேல் கருவூலத்தின் பைகளுக்குள்ளேயே யார் கையும் படாமல் கிடந்து, 1970களில் வெளியே வந்தது. இரண்டாவது மேற்கு மாநிலங்களில் கடை கடையாகப் புழங்கித் தேய்ந்து போனது. தேய்ந்த 1884 சான் பிரான்சிஸ்கோ சில பத்து டாலருக்குக் கிடைக்கும், ஆனால் அதே நாணயத்தின் மிகச் சிறந்த ஒன்று 2020-இல் 7,50,000 டாலருக்கு ஏலம் போனது.

எத்தனை அடித்தார்கள் என்பதைவிட எத்தனையை உருக்கினார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. இதில் இந்தியாவுக்கு நேரடிப் பங்கு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இந்தியாவில் காகித நோட்டைக் கொடுத்தால் வெள்ளி ரூபாய் தருவோம் என்று பிரிட்டிஷ் அரசு வாக்குக் கொடுத்திருந்தது. போர்ச் செலவுக்காக நோட்டுகளை அச்சடித்துக்கொண்டே போக, மக்கள் நம்பிக்கை இழந்து நோட்டைக் கொண்டுவந்து கொடுத்து வெள்ளியாகக் கேட்க ஆரம்பித்தார்கள். கையிருப்பு கரைந்தது. உலகத்தில் அவ்வளவு வெள்ளி ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது அமெரிக்கக் கருவூலத்தில்தான், அதுவும் யாரும் வாங்கிச் செலவழிக்காத மார்கன் டாலர்களாக. 1918 ஏப்ரலில் நெவாடா செனட்டர் கீ பிட்மன் பெயரில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 27,02,32,722 வெள்ளி டாலர்களை உருக்கினார்கள், அதில் 25 கோடியே 91 லட்சம் டாலர்களின் வெள்ளி, அவுன்ஸ் ஒரு டாலர் விலைக்குப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டு இந்தியாவுக்குக் கப்பலேறியது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் அது ரூபாயாக மாறியது. உங்கள் பாட்டி வைத்திருந்த பெட்டியில் 1918, 1919 தேதியிட்ட ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் இருந்தால் அதில் நெவாடா வெள்ளி கலந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அதுவரை அடித்த மார்கன் டாலர்களில் கிட்டத்தட்டப் பாதிக்குச் சமமான எண்ணிக்கை இது. எந்த ஆண்டு, எந்த ஊர் நாணயம் எத்தனை உருகியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, மூட்டை மூட்டையாக எண்ணி உலையில் போட்டார்கள். அதனால்தான் அச்சடித்த எண்ணிக்கையை மட்டும் வைத்து மார்கன் டாலரின் அருமையைச் சொல்லவே முடியாது. உருக்கியதற்கு ஈடாகப் புதிய டாலர் அடிக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். 1904-இல் நின்றுபோன மார்கன் டாலர் 1921-இல் திரும்ப வந்ததும், அதே ஆண்டு கடைசியில் பீஸ் டாலர் பிறந்ததும் அதனால்தான்.

இன்றைக்கு அரிதாக இருப்பது நாளைக்குச் சாதாரணமாகிவிடுமா?

ஆகும், ஆகியிருக்கிறது. 1903-இல் நியூ ஆர்லியன்ஸில் அடித்த மார்கன் டாலர் 1962 வரைக்கும் மார்கன்களிலேயே மிக அரிதானது என்று பெயர் எடுத்திருந்தது. புழக்கத்துக்குப் போகாத ஒன்றுக்கு விலைப்பட்டியலில் 1,500 டாலர், அன்றைய பணத்தில். எல்லாம் 1918-இல் உருகிவிட்டது என்று நம்பினார்கள். 1962 நவம்பரில், கிறிஸ்துமஸுக்குப் பரிசு கொடுக்க வெள்ளி டாலர் கேட்கும் பருவத்தில், பிலடெல்பியாவில் பல பத்தாண்டுகளாக முத்திரையிட்டுக் கிடந்த பெட்டகத்தைத் திறந்தார்கள். ஆயிரம் ஆயிரமாகக் கட்டிய பைகள். உள்ளே புத்தம் புதிய 1903 நியூ ஆர்லியன்ஸ். சில மாதங்களில் விலை சில பத்து டாலருக்கு இறங்கிவிட்டது.

செய்தி பரவியதும் கருவூலத்தின் வாசலில் கூட்டம். அப்போது வெள்ளிச் சான்று என்ற ஒரு டாலர் காகித நோட்டைக் கொடுத்தால் வெள்ளி டாலரைக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி, அதனால் நூறு வருடப் பழைய நாணயமாக இருந்தாலும் ஒரு டாலருக்கு ஒரு டாலர்தான். 1964 மார்ச்சில் நிறுத்தியபோது சுமார் 30 லட்சம்தான் மிச்சம், அதில் பெரும்பகுதி கார்சன் சிட்டி. அவற்றைத்தான் அரசு 1972 முதல் 1980 வரை பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துத் தபாலில் விற்றது. இன்றும் அந்தக் கறுப்புப் பெட்டியோடு கிடைத்தால் தனி மதிப்பு.

தனியார் குவியல்களும் உண்டு. நெவாடாவின் ரீனோ நகரில் லவேர் ரெட்ஃபீல்ட் என்பவர் நான்கு லட்சத்துக்கும் மேல் வெள்ளி டாலர் சேர்த்து வைத்திருந்தது அவர் இறந்த பிறகுதான் வெளியே தெரிந்தது, 1976-இல் 73 லட்சம் டாலருக்கு மொத்தமாகப் போனது. வாங்கியவர்கள் அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தைக்கு விட்டதால் விலை சரியவில்லை.

நாணயத்தில் இருக்கும் சின்ன எழுத்து என்ன?

எந்த ஊர் நாணயச்சாலை என்பதற்கான குறி. எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, ஓ என்றால் நியூ ஆர்லியன்ஸ், டி என்றால் டென்வர், இரண்டு சி சேர்ந்து வந்தால் கார்சன் சிட்டி. பழைய வெள்ளி நாணயத்தில் எழுத்தே இல்லை என்றால் பிலடெல்பியா. மார்கன் டாலரில் பின்பக்கம் கழுகுக்குக் கீழே, மாலையின் முடிச்சுக்கு அடியில் பாருங்கள். கடுகளவு எழுத்துதான், ஆனால் 1893-இல் அந்த எஸ் இருக்கிறதா இல்லையா என்பதில் பல ஆயிரம் டாலர் வித்தியாசம்.

கார்சன் சிட்டிக்கு ஏன் இவ்வளவு மவுசு என்றால், பக்கத்து மலையில் 1859-இல் கண்டுபிடித்த காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கத்துக்காகவே அந்த நாணயச்சாலை வந்தது. 1870 முதல் 1893 வரைதான் அடித்தார்கள், நடுவில் சில ஆண்டுகள் அதுவும் இல்லை. குதிரையும் துப்பாக்கியுமான பழைய மேற்கின் மேல் அமெரிக்கர்களுக்கு இருக்கும் ஏக்கம் முழுவதும் அந்த இரண்டு எழுத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாதாரணமான கார்சன் சிட்டி டாலருக்கும் அதனால் கூடுதல் விலைதான்.

முதல் வெள்ளி டாலர் எது? அதுதானே எல்லாவற்றிலும் விலை கூடியது?

1794. நாணயச்சாலையின் முதல் இயக்குநர், வானியலாளர் டேவிட் ரிட்டன்ஹவுஸ், தானே வெள்ளிக் கட்டிகளைக் கொடுத்து அடிக்க வைத்தார். அக்டோபர் 15 அன்று வெளியே வந்தவை 1,758. இருந்த இயந்திரம் இவ்வளவு பெரிய நாணயத்துக்குப் போதவில்லை, அழுத்தம் ஒரு பக்கமாக விழுந்து இடது ஓரத்தில் நட்சத்திரங்களும் எழுத்தும் மங்கலாகவே பதிந்தன. இன்றைக்குச் சுமார் நூற்று நாற்பதுதான் மிச்சம். அதில் மிகச் சிறந்த ஒன்று 2013 ஜனவரியில் 1,00,16,875 டாலருக்குப் போனது. ஒரு கோடி டாலரைத் தாண்டிய முதல் நாணயம் உலகத்திலேயே அதுதான்.

அந்த நாணயத்தின் நடுவில் ஒரு சின்ன வெள்ளிப் பொட்டு உண்டு. தகடு எடை குறைந்தால் நடுவில் துளையிட்டு வெள்ளி செருகிச் சரிசெய்து, அதற்கு மேல் அச்சு அடிப்பார்கள். எடை கூடினால் அரத்தால் ராவிவிட்டு அடிப்பார்கள். அந்த அர வரிகள் அச்சுக்கு அடியில் இணைகோடுகளாக இன்றும் தெரியும். புதிதாகப் பார்ப்பவர் கீறல் என்று நினைத்து ஒதுக்கிவிடுவார், உண்மையில் 1790களின் தொழிலாளி ஒருவர் மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்த தடம் அது. பழைய டாலர்களில் எனக்கு மிகப் பிடித்தது அந்த வரிகள்தான்.

1804 டாலரை ஏன் நாணயங்களின் ராஜா என்கிறார்கள்?

1804-இல் அடிக்காத 1804 டாலர் என்பதால்தான் இவ்வளவு பேச்சு. அந்த வருடம் 19,570 வெள்ளி டாலர் அடித்ததாகப் பதிவேடு சொல்கிறது, ஆனால் பழைய அச்சையே பயன்படுத்தியதால் அவற்றில் இருந்தது 1803 அல்லது அதற்கு முந்தைய தேதி. அதோடு டாலர் அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள், அடிக்க அடிக்க வெளிநாட்டுக்குப் போய்விட்டது. 1834-இல் எட்மண்ட் ராபர்ட்ஸ் என்ற தூதர் ஆசிய அரசர்களுக்குப் பரிசு கொண்டுபோக அமெரிக்க நாணயங்களின் முழுத் தொகுப்பு வேண்டும் என்றார்கள். டாலர் கடைசியாக அடித்தது 1804 என்று பதிவேட்டில் பார்த்து, அந்தத் தேதியோடு புதிதாக அடித்துக் கொடுத்தார்கள். ஒன்று மஸ்கட் சுல்தானுக்கு, ஒன்று சயாம் அரசருக்குப் போனது.

அப்புறம் 1850களின் கடைசியில் நாணயச்சாலை ஊழியர்களே சேகரிப்பாளர்களுக்காகத் திருட்டுத்தனமாகச் சிலவற்றை அடித்தார்கள். இரண்டும் சேர்த்து நெடுங்காலமாக 15 என்று கணக்கு. மஸ்கட் சுல்தானுக்குப் போனதாகக் கருதப்படும் நாணயம் 1999-இல் 41 லட்சத்து 40 ஆயிரம் டாலர், 2021-இல் 76 லட்சத்து 80 ஆயிரம் டாலர். எப்படிப் பார்த்தாலும் உங்கள் கையில் கிடைக்கும் 1804 டாலர் போலிதான். நூற்றைம்பது வருடமாக இதற்குப் போலி செய்துகொண்டே இருக்கிறார்கள்.

டிரேட் டாலரில் சீன எழுத்து குத்தியிருக்கிறதே, கெட்டுப்போனதா?

இல்லை, அதுதான் அதன் வாழ்க்கைக் குறிப்பு. சீனாவோடு வியாபாரம் செய்ய மெக்சிகோ வெள்ளி நாணயம்தான் செல்லுபடியானது. அதை முந்த வேண்டும் என்று 1873-இல் கொஞ்சம் எடை கூட்டி 27.22 கிராமில் அமெரிக்கா அடித்தது டிரேட் டாலர். சீன வணிகர்களும் வெள்ளி சோதிப்பவர்களும் நல்ல வெள்ளிதான் என்று உறுதி செய்துகொண்டு தங்கள் முத்திரையை அதில் குத்தினார்கள். அடுத்தவர் அவருடையதைக் குத்துவார். சிலவற்றில் சுதந்திர தேவியின் உருவமே தெரியாத அளவுக்குக் குத்து இருக்கும். முன்பெல்லாம் இதைச் சேதம் என்று ஒதுக்கினார்கள், இப்போது அந்தக் குத்துகளுக்காகவே தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு. ஆனாலும் போலிக்காரர்கள் அதிகம் கைவைப்பதும் இந்த நாணயத்தில்தான், எடை போடாமல் வாங்கவே கூடாது.

சொந்த நாட்டில் இது பட்ட பாடு வேறு. 1876-இல் சட்டப்படி செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள். முதலாளிகள் தள்ளுபடி விலைக்கு மூட்டையாக வாங்கித் தொழிலாளர்களுக்கு முழு டாலர் என்று கூலியில் கொடுத்தார்கள். 1887-இல் அரசு திரும்ப வாங்கிக்கொண்டபோது குத்து விழுந்தவற்றை வாங்க மறுத்துவிட்டது. 1884 தேதியில் 10, 1885 தேதியில் 5 மட்டுமே உண்டு, அதுவும் இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

சின்ன நாணயங்களில் பெரிய விலை போவது உண்டா?

நிறைய. 1894-இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த டைம் மொத்தம் 24தான், இன்று இருப்பது பத்துக்கும் குறைவு. நாணயச்சாலைத் தலைவர் தன் சின்ன மகளிடம் மூன்றைக் கொடுத்துப் பத்திரமாக வை என்றார், அவள் வீட்டுக்கு வரும் வழியிலேயே ஒன்றுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுவிட்டாள் என்று ஒரு கதை சுற்றுகிறது. நிரூபிக்க வழியில்லை. 2007-இல் ஒரு டைம் 19 லட்சம் டாலருக்கு விற்றது மட்டும் உண்மை.

1876 கார்சன் சிட்டி 20 சென்ட் நாணயம் 10,000 அடித்தார்கள், மக்கள் அதைக் குவார்ட்டரோடு குழப்பிக்கொண்டு வேண்டாம் என்றதால் பெரும்பாலும் திரும்ப உருக்கிவிட்டார்கள், இருபது சொச்சம்தான் தப்பியது. கைக்கு எட்டும் பட்டியலில் முதலில் வருவது 1916 டென்வர் டைம், 2,64,000. அப்புறம் 1901 சான் பிரான்சிஸ்கோ குவார்ட்டர், 72,664. 1916 நிற்கும் சுதந்திர தேவி குவார்ட்டர், 52,000. இவை மூன்றும் நன்றாகத் தேய்ந்து கிடந்தாலும் ஆயிரத்தை ஒட்டியோ அதற்கு மேலோ போகும். பாட்டி வீட்டு ஜாடிக்குள் கிடைக்கச் சாத்தியம் உள்ளவையும் இவைதான், அதனால் டைம்களையும் குவார்ட்டர்களையும் வெள்ளி எடைக்குக் கொட்டும் முன் ஒரு பூதக்கண்ணாடியோடு உட்காருங்கள்.

நிலை, கிரேடு என்கிறார்களே, அதை எப்படிப் பார்ப்பது?

1949-இல் வில்லியம் ஷெல்டன் செம்பு சென்ட்களுக்காக உண்டாக்கிய 1 முதல் 70 வரையான அளவுகோல்தான் இப்போது எல்லாவற்றுக்கும். 60-உம் அதற்கு மேலும் என்றால் புழங்காத நாணயம். மார்கன் டாலரை எடுத்தால், தலைப் பக்கத்தில் காதுக்கு மேலே இருக்கும் முடி இழைகளையும், பின்பக்கத்தில் கழுகின் மார்பு இறகுகளையும் பாருங்கள். மேடாக இருக்கும் இடம் அவை, தேய்வது முதலில் அங்கேதான். அப்புறம் விளக்குக்குக் கீழே மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். புழங்காத நாணயத்தில் இரண்டு ஒளிக்கற்றைகள் சக்கரத்தின் ஆரம் போல நடுவைச் சுற்றி ஓடும். கன்னத்திலும் கழுத்திலும் அந்த ஒளி தடைப்பட்டுச் சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் புழங்கியிருக்கிறது. கன்னத்தில் வெட்டுகள் மட்டும் இருந்து ஒளி உடையாமல் ஓடினால் அது பைக்குள் மற்ற டாலர்களோடு மோதிய தழும்பு, தேய்மானம் இல்லை.

1893 சான் பிரான்சிஸ்கோ டாலர், மொத்தம் 1,00,000 அடித்தது, தேய்ந்தால் ஆயிரங்களில் போகும். 67 கிரேடு வாங்கிய ஒன்று 2021-இல் 20 லட்சத்து 86 ஆயிரத்து 875 டாலருக்குப் போனது. ஊரும் ஆண்டும் ஒன்றுதான், வித்தியாசம் முழுக்க நிலையில்.

கறுத்துப் போயிருக்கிறது. கழுவிப் பளபளப்பாக்கி விற்கலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டுத் தேய்க்கும் கை நமக்கு, கறுப்பைப் பார்த்தால் சும்மா இருக்காது. நாணயத்தில் அந்த ஒரு நிமிட வேலை பாதி விலையைத் தின்றுவிடும், அரிதான நாணயத்தில் அதற்கு மேலும். மேலே சொன்ன சுழலும் ஒளி, அச்சு அடிக்கும்போது உலோகம் வெளிப்புறமாக ஓடி உண்டாக்கும் நுண்வரிகளிலிருந்து வருவது. பற்பசையோ பாலிஷோ அந்த வரிகளைச் சுரண்டிவிட்டால் திரும்ப வராது. தேய்த்த நாணயத்தைச் சாய்த்தால் முடி போன்ற கீறல்கள் ஒரே திசையில் ஓடுவது தெரியும். நாணயத்தைச் சோதித்துக் கிரேடு எண் கொடுக்கும் சான்று நிறுவனங்கள் அதற்கு எண் கொடுக்காமல் "சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதியே அனுப்பும்.

இயல்பாக ஏறிய கறுப்பு நாணயத்துக்குக் கவசம் போன்றது. பழைய துணிப் பையின் ஓரத்தில் கிடந்து நீலமும் ஊதாவும் தங்க நிறமுமாக வானவில் போல் மாறிய மார்கன்களுக்கு, வெள்ளையான நாணயத்தைப் போலப் பல மடங்கு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், முகத்தில் விரல் படக் கூடாது. பிவிசி கலந்த மென்மையான பிளாஸ்டிக் உறைகளில் வைக்காதீர்கள், பச்சையாகப் பிசுபிசுக்கும்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எடையும் விட்டமும். மார்கன் 26.73 கிராம், 38.1 மில்லிமீட்டர். காந்தத்தில் ஒட்டினால் பேச்சே இல்லை. விளிம்பு வரிகளுக்கு நடுவே இணைப்புக் கோடு தெரிந்தால் அச்சில் வார்த்தது. இதெல்லாம் மலிவான போலிக்கு.

கஷ்டமானது உண்மையான நாணயத்தைத் திருத்துவது. 1893 பிலடெல்பியா டாலரில் எஸ் எழுத்தை ஒட்டுவார்கள், 1898 சான் பிரான்சிஸ்கோ டாலரின் கடைசி 8-ஐச் செதுக்கி 3 ஆக்குவார்கள். நல்ல வேளையாக 1893 சான் பிரான்சிஸ்கோ டாலர்கள் எல்லாவற்றுக்கும் தலைப் பக்கத்துக்கு ஒரே ஓர் அச்சைத்தான் பயன்படுத்தினார்கள். ஆண்டின் 1 எங்கே உட்கார்ந்திருக்கிறது, நெற்றிப் பட்டையில் லிபர்ட்டி என்ற சொல்லின் டி எழுத்துத் தலையில் மெல்லிய மேடான கோடு இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது வேறு ஒரு போலி. 1896, 1900, 1902 நியூ ஆர்லியன்ஸ் டாலர்களில் ஓ எழுத்து வழக்கத்தைவிடச் சின்னதாக இருப்பதை ஒரு தனி வகை என்று பல்லாண்டுகள் கூடுதல் விலை கொடுத்துச் சேர்த்தார்கள். வெவ்வேறு ஆண்டுகளின் நாணயங்களில் அச்சுக் குறைகள் ஒன்றாக இருப்பதைக் கவனித்து, 2005-இல் அவை பழைய காலத்துத் தனியார் போலி என்று முடிவானது. அதில் இருந்ததோ நல்ல வெள்ளி. டாலருக்குள் இருக்கும் வெள்ளியின் விலை அரை டாலருக்கும் கீழே இறங்கியிருந்ததால் உண்மையான வெள்ளியில் போலி அடித்தாலே பாதிக்குப் பாதி லாபம்.

அமெரிக்காவில் 1973 சட்டப்படி நகல் நாணயத்தில் காப்பி என்ற ஆங்கிலச் சொல் பொறித்திருக்க வேண்டும், இணையத்தில் வருபவை அதை மதிப்பதில்லை. விலை கூடிய எதையும் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி என்ற சான்று நிறுவனத்தின் பெட்டியில் இருந்தால் மட்டும் வாங்குங்கள், அப்போதும் பெட்டியின் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு அங்கே இருக்கும் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டிக்கும் போலி வந்துவிட்டது.

விற்க வேண்டும் என்றால்?

சாதாரண ஆண்டுகளை உள்ளூர் நாணயக் கடையில் வெள்ளி விலை பார்த்துக் கொடுக்கலாம், இரண்டு மூன்று கடையில் கேட்டால் போதும். விலைப் புத்தகத்தில் இருப்பது கடைக்காரர் விற்கும் விலை, வாங்கும் விலை அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அதற்காகக் கோபப்பட வேண்டாம். அரிதானது என்று சந்தேகம் வந்தால் கடைக்குப் போகும் முன் சான்று வாங்கிவிடுங்கள், பிறகு ஏல நிறுவனத்தோடு பேசலாம். முடிந்த ஏலங்களின் விலை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, விற்பவர் போடும் விலையைப் பார்க்காமல் விற்று முடிந்த விலையைப் பாருங்கள்.

புதிதாகச் சேர்க்க ஆரம்பிப்பவர் எதை வாங்கலாம்?

1881 சான் பிரான்சிஸ்கோ மார்கன் ஒன்று. அச்சு அவ்வளவு கூர்மை, கோடிக்கு மேல் அடித்ததால் புழங்காத நிலையிலேயே கட்டுப்படியாகும். அதை வைத்து ஒளி எப்படி ஓட வேண்டும் என்று கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். கூடவே தேய்ந்த பார்பர் குவார்ட்டர் ஒன்று, 1892-க்கும் 1916-க்கும் இடையில் எந்த ஆண்டானாலும். நூறு வருடம் எத்தனையோ கைகளில் புழங்கிய வெள்ளியின் மென்மை விரலுக்குத் தெரியும். 1893, 1895 எல்லாம் பிறகு பார்க்கலாம். 1895 பிலடெல்பியா மார்கனில் 12,000 அடித்ததாகப் பதிவு இருந்தும் ஒன்றுகூட அகப்படவில்லை, சேகரிப்பாளர்களுக்கென்று மெருகேற்றி அடித்த 880 புரூஃப் நாணயங்கள்தான் உண்டு, அதற்கே பல பத்தாயிரம் டாலர்.

இன்னும் யார் கண்ணிலும் படாதது ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 1873-இல் சான் பிரான்சிஸ்கோவில், சுதந்திர தேவி உட்கார்ந்திருக்கும் சீட்டட் லிபர்ட்டி டாலர் 700 அடித்ததாக நாணயச்சாலைக் கணக்கு சொல்கிறது, இதுவரை ஒன்றுகூட வெளிவரவில்லை. அந்த ஆண்டு சட்டம் மாறி அந்த வகை டாலரே நின்றுபோனதால் வெளியே விடாமல் உருக்கியிருக்கலாம். 1965 மே மாதம் டென்வரில் 1964 தேதியோடு 3,16,076 பீஸ் டாலர் அடித்து, எதிர்ப்பு கிளம்பியதும் எல்லாவற்றையும் உருக்கினார்கள். ஒன்றிரண்டு தப்பியதாக வதந்தி உண்டு. பிசிஜிஎஸ் அதைக் காட்டினாலே 10,000 டாலர் தருவதாக அறிவித்தது, ஆனால் அது அரசுச் சொத்து, வைத்திருப்பதே சட்டவிரோதம் என்பது அரசின் நிலை. அதனால் யாராவது 1964 பீஸ் டாலர் விற்பதாகச் சொன்னால் அது தனியார் அடித்த நினைவு நாணயம் அல்லது வெறும் போலி. 1873 சீட்டட் டாலர் கண்ணில் பட்டால் பின்பக்கம் கழுகுக்குக் கீழே எஸ் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எதையும் துடைக்காமல், யாரிடமும் விலை பேசாமல், நேராகச் சான்றுக்கு அனுப்புங்கள்.